மாத்திரை

பால்டிமோர். அதிகாலை மூன்று பத்து.
ஜன்னல் இல்லாத ஐந்தாம் மாடி அறையில்
கசகசா அளவில் ஒரு மூளை
உப்புநீரில் மிதந்தபடி விழித்திருக்கிறது.
நேற்றுவரை அது ஓர் ஈ.

அதற்குள் ஒரு கடிகாரம்.
முள் இல்லை, சாவி இல்லை.
மாலையில் குவியத் தொடங்கும் ஒரு புரதம்,
தன்னை எழுதிய கையைத் தானே பிடித்து நிறுத்தி
விடிந்தபின் கரைந்துபோகும்,
அவ்வளவுதான்.

நமக்கும் உண்டு.
இரு கண்ணின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் சந்திக்குச்
சற்று மேலே, இருபதாயிரம் செல்கள்.
அவை நம்மை உறங்கவைப்பதில்லை.
உறங்கவைக்கிறவர்கள் வேறு வீட்டில் இருக்கிறார்கள்.
இவை இந்தப் பக்கத்திலிருந்து
சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பவை.

அந்தத் தட்டலைத்தான் கேட்கிறேன்,
கண்ணாடி ஊசிமுனையில் தொட்டு, ஒலிபெருக்கியில்.

முதலில் தலைகீழ்ப் பெட்டியின் ஈ.
அங்கே விளக்கு மாலை ஏழுக்கு எரியும், காலை ஏழுக்கு அணையும்.
ஞாயிறன்று நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பியது;
இந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.
அதற்கு இப்போது பட்டப்பகல்:

டக். டக்டக்டக்.
டக்.
டக்டக். டக்.

அடுத்தது நேர்ப்பெட்டியின் ஈ. அதற்கு நடுநிசி:

டக். டக். டக். டக். டக்.

எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன்.
பத்து நொடியில் அதுவும் நாற்பது, இதுவும் நாற்பது.
பள்ளியில் அலகிட்டுப் பழகிய விரல்
தானாக மேசையில் குறில் நெடில் தேடுகிறது.
மாத்திரை சமம்.
ஒன்று ஒழுகி வருகிறது,
ஒன்றில் ஒவ்வொரு அடியிலும் தளை தட்டுகிறது.

போன வாரம், உறங்கும் ஈ ஒன்றுக்குள்
சிவப்பு வெளிச்சத்தால் பகலின் தட்டலைப் புகுத்தினோம்.
எண்ணிக்கையைக் கூட்டவில்லை.
இடைவெளியை மட்டும் கலைத்தோம்.
தூங்கத்தான் செய்தது, ஆனால்
பதினாறு முறை எழுந்து
கண்ணாடிக் குழாயின் பஞ்சு முனைவரை நடந்து
ஒன்றுமில்லை என்று திரும்பிவந்தது.

அந்த நடை எனக்குத் தெரியும்.
படுக்கையிலிருந்து குளிர்பெட்டிவரை
என் வீட்டில் பதினொரு அடி.

குப்பைக் கூடை மாற்ற லவெர்ன் வந்தாள்.
பத்தொன்பது வருடம் இரவுப் பணி.
"என்ன சத்தம் அது?" என்றாள். பகலைப் போட்டேன்.
"என் மேல்மாடிக்காரன்" என்றாள் உடனே,
"நான் படுக்கும்போதுதான் செருப்போடு நடப்பான்."
இரவைப் போட்டேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
துடைப்பக் கம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள்,
நான் நிறுத்தும்வரை, நிறுத்திய பிறகும் கொஞ்சம்.
"இன்னும் ஒரு தடவை போடு" என்றாள்.

என் பையிலும் ஒரு மாத்திரை இருக்கிறது.
மூன்று மில்லிகிராம், செர்ரி வாசனை.
கண் இமைக்கும் நேரத்துக்கும்
வாயில் போடும் வில்லைக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல் என்று
லவெர்னிடம் சொல்ல நினைத்தேன்.
ஆங்கிலத்தில் அதில் வேடிக்கை ஒன்றும் மிஞ்சவில்லை.

ஏழு மணி. பெட்டியில் விளக்கு அணைகிறது.
பொய் சொல்லி வளர்த்த என் ஈக்கள்
ஒவ்வொன்றாக நிற்கின்றன.
ஐந்து நிமிடம் அசையாதிருந்தால்
உறக்கம் என்று எழுதிக்கொள்வோம்;
வேறு சாட்சி கேட்பதில்லை.

மான்யுமென்ட் தெருவில் வெயில் ஏறிவிட்டது.
கறுப்புக் கண்ணாடி அணிகிறேன்,
அந்த இருபதாயிரம் பேருக்கு
விடிந்த செய்தி போய்ச்சேர வேண்டாம் என்று.
ஓரத்தால் கசிந்து எப்படியும் போய்விடும்.

வரிசை வீடுகளின் பளிங்குப் படியில் ஒருவர்
வாளித் தண்ணீரை ஊற்றுகிறார்.
பேருந்து வரவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்து அந்த நீர்
படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது
ஆறு நிமிடம் ஆகியிருந்தது.